வெளியிலிருந்து வந்த சட்டை

ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை என்கிற சேதி அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டிய பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மேலே ஆபரேஷனில் வெட்டி எடுக்கிற துண்டுகள் எல்லாம் கீழே வரும். அவற்றை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றி டாக்டரின் மேஜையில் வைக்க வேண்டும். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவார். பாதி ஆயுள் மெழுகோடு போனதில் அவளுக்குப் பெயரே மெழுகு என்றாகிவிட்டது. சம்பளப் பட்டுவாடா செய்கிறவருக்கு மட்டும்தான் அவளுடைய நிஜப் பெயர் தெரியும்.

அன்றைக்கு வந்த தட்டில் அந்த டப்பா ஓரமாக இருந்தது. ஃபார்மலினில் ஒரு நூல்துண்டு மாதிரி ஏதோ மிதந்தது. லேபிளில் நாத்தனாரின் பெயர். ஒரே பெயரில் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வயதைப் பார்த்தாள். சரியாக இருந்தது. கூட வந்த சீட்டில் முகவரியும் அவளுடைய வீட்டு முகவரிதான். இடது நெற்றிப்பொட்டில் ஓடுகிற ரத்தக்குழாய். ஓயாத தலைவலி, மெல்லும்போது தாடை வலி, இடது கண்ணில் அவ்வப்போது மங்கல். ரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்கவும் என்று சீட்டில் எழுதியிருந்தது.

முந்தின சாயங்காலம் நாத்தனார் இடது காதுக்கு மேலே பெரிய பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசல் அறையில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"என்ன அண்ணி இது?"

"அலமாரிக் கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"பார்த்து நடக்கக் கூடாதா?"

"பார்த்துத்தான் இடிச்சுக்கிட்டேன்."

அவ்வளவுதான். அந்த வீட்டில் அது நீளமான பேச்சு.

வீடு நாத்தனாருடையது. தையல் மெஷினை மிதித்தே கட்டியது. பள்ளிச் சீருடை, ஹோட்டல் ஆட்களுக்கான கோட்டு, திரைச்சீலை என்று எதையும் விடமாட்டாள். தம்பி கல்யாணம் செய்துகொண்டு பெண்டாட்டியைக் கூட்டி வந்தபோது பின்கட்டு அறையைக் கொடுத்தாள். தம்பி ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டான். பிள்ளை இல்லை. வந்தவள் போவாள் என்று நாத்தனார் எதிர்பார்த்தாள். போக ஓர் இடம் இருந்திருந்தால் இவளும் போயிருப்பாள். போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, இருக்கிறேன் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை, அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. அடுப்பு ஒன்று, சமைக்கிற நேரம் வேறு. நடுவில் ஒரு நடை. ஒருத்தி நடையில் வரும் சத்தம் கேட்டால் இன்னொருத்தி அறைக்குள்ளேயே இருந்துகொள்வாள்.

ஒரு தடவை துணி கொடுக்க வந்தவளிடம் நாத்தனார் சொன்னது பின்கட்டு வரைக்கும் கேட்டது. "இல்லம்மா, வீட்ல யாரும் இல்ல. நான் ஒண்டிதான்." இவள் அப்போது உள்ளே தலைசீவிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது விசாரித்தால் இவள் சொல்லும் பதிலும் அதேதான்.

டாக்டர் அந்த நூல்துண்டைச் சின்னச்சின்ன வளையங்களாக நறுக்கிக் கொடுத்தார். சின்ன வயசு டாக்டரம்மா. கீழ்த்தளத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை, எல்லாரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார். வளையங்கள் எந்திரத்துக்குள் போயின. நீரை இழுத்துவிட்டு மெழுகை ஏற்ற எந்திரத்துக்கு ஓர் இரவு வேண்டும்.

அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். நடையில் நின்றாள். வாசல் அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை அவள் செய்தது அந்தக் கூடத்தில் யாரும் செய்யாத காரியம்.

அங்கே எழுதிவைக்காத வழக்கம் ஒன்று உண்டு. நம் வீட்டு ஆளின் துண்டு வந்தால் நாம் தொடக்கூடாது, அடுத்த ஆள் கைக்குக் கொடுத்துவிட வேண்டும். கை நடுங்கும் என்பதற்காக அல்ல, கை நடுங்காது என்று நாமே நம்பிக்கொள்வோம் என்பதற்காக. பக்கத்து மேஜைக்காரருக்கு ரேடியோ என்று பெயர், வாயை மூடினதே கிடையாது. அவருடைய அம்மாவின் மார்புக் கட்டி ஒருதரம் கீழே வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்து மெழுகின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ரேடியோ அணைந்திருந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

வழக்கப்படி அவள் தட்டை ரேடியோவிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் யார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் சலவைக்கூடம் வரை தெரிந்துவிடும். 'கூட இருக்கிற உனக்கே தெரியாதா' என்று நாலு பேர் கேட்பார்கள்.

"என்ன மெழுகு, அந்தத் தட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிற? எவனும் பிடுங்கிட்டுப் போகப் போறதில்ல" என்றார் ரேடியோ.

"இதை நானே பண்றேன்."

"பண்ணு தாயே. எனக்கென்ன, ரெண்டு கைக்கும் ஓய்வு."

குழாய் என்றால் நிற்கவைத்துத்தான் புதைக்க வேண்டும். நிற்கவைத்துச் சீவினால் வெட்டுமுகம் வட்டமாக விழும், உள்ளே, நடுவே, வெளியே என்று மூன்று உறையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தெரியும். படுத்துவிட்டால் கத்தி மேல் உறையை மட்டும் வழித்துக்கொண்டு போய்விடும். வெங்காயத்தைக் குறுக்கே அரிவதற்கும் சருகை உரிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதனால் அச்சில் கொஞ்சம் உருகிய மெழுகை விட்டு, வளையத்தை இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அடி மெழுகு குளிர்ந்து வெளுக்கிற வரைக்கும் மூச்சுவிடாமல் காத்திருக்க வேண்டும். வெளுத்தபின் விடலாம். அவசரப்பட்டால் வளையம் தூங்கிவழிகிறவன் தலை மாதிரி சாயும்.

எல்லா வளையங்களும் நின்றன. கடைசி வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பார்வை லேபிளுக்குப் போயிற்று. விரல் தளர்ந்தது. வளையம் மெல்லச் சாய்ந்து படுப்பதை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

மறுபடி உருக்கி நிமிர்த்தலாம். கொஞ்ச நேர வேலை. வேறு யாருடையதாக இருந்தாலும் உருக்கியிருப்பாள், முகம் தெரியாத எத்தனையோ பேருக்காக எத்தனையோ தடவை உருக்கியிருக்கிறாள். அன்றைக்கு உருக்கவில்லை. மற்றதெல்லாம் நிற்கிறதே என்று சொல்லிக்கொண்டு அச்சை நிரப்பி மூடினாள். ஏன் என்று பிற்பாடு எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தாள். சீக்கிரம் தன் கையை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு காரணம் இருந்திருந்தால் அதைத் தோண்ட அவளுக்குத் தைரியம் இல்லை.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். அவருடைய மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றையே பார்க்கலாம்.

"அக்கா, இது பாருங்க. இது ஒண்ணு மட்டும் குப்புறப் படுத்துடுச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். இளஞ்சிவப்பில் அலை அலையாக நார்கள். வட்டமும் இல்லை, ஓட்டையும் இல்லை.

"வெறும் அட்வென்டீஷியாதான் வந்திருக்கு. மத்ததெல்லாம் அழகா நிக்குது, சுத்தமாவும் இருக்கு." டாக்டர் கண்ணை எடுக்காமலே கேட்டார். "இத்தனை வருஷமா இந்தப் பேரைச் சொல்றீங்களே, அர்த்தம் என்னன்னு தெரியுமா?"

"வெளி உறை."

"அது நாம வச்சது. லத்தீன்ல அது இல்ல." வார்த்தைகளின் பூர்வீகத்தைத் தேடுவது டாக்டருக்கு ஒரு பைத்தியம். சிலருக்கு வெற்றிலை மாதிரி. "ட்யூனிகா அட்வென்டீஷியான்னு முழுப்பேரு. ட்யூனிகான்னா சட்டை. அந்தக் காலத்து ரோமாபுரிக்காரங்க போட்டுக்கிட்ட தொளதொள சட்டை. ரத்தக்குழாய் மூணு சட்டை போட்டிருக்குன்னு கணக்கு. உள்சட்டைக்கு இன்டிமான்னு பேரு, ரொம்ப உள்ளுக்குள்ள இருக்கறதுன்னு அர்த்தம். நடுவுல இருக்கறது மீடியா, அதுக்கு அர்த்தமே நடுதான். வெளிச்சட்டைக்குத்தான் பாவம் இந்தப் பேரு. வெளியிலேர்ந்து வந்தது, அசலூரு, நம்மளுது இல்லைங்கற மாதிரி."

"உடம்புக்குள்ள இருக்கறது எப்படி டாக்டர் வெளியிலேர்ந்து வரும்?"

"முதல்ல அறுத்துப் பார்த்தவங்களுக்கு அப்படித் தோணியிருக்கும். விரலால இழுத்தா அது பிரிஞ்சு வருதுல்ல? பக்கத்துச் சதையோட ஒட்டிக்கிட்டு, எது குழாய் எது சதைன்னு எல்லையே தெரியாம கிடக்கு. சரி, இது குழாயோட சொந்தச் சரக்கு இல்ல, பக்கத்துலேர்ந்து வந்து ஒட்டிக்கிட்டதுன்னு முடிவு கட்டிட்டாங்க போல."

"இப்ப என்ன சொல்றாங்க?"

"இப்ப அதுவும் சேர்த்திதான். குழாயோட சுவருக்கும் ரத்தம் வேணும்ல, அதைக் கொண்டுவர்ற பொடிப்பொடிக் குழாயெல்லாம் இந்த வெளிச்சட்டையிலதான் ஓடுது. இதை வழிச்சு எறிஞ்சா சுவரே பட்டினி கிடக்கும். ஆனா பேரை எவனும் மாத்தல. ஒட்டின பேரு ஒட்டினதுதான்."

அவளுக்கு நெஞ்சில் எதுவும் தைக்கவில்லை. அவள் அந்த ரகம் இல்லை. பொருத்தம் பார்க்க உட்கார்ந்தால் எதுவும் எதற்கும் பொருந்தும். வந்தவ, வந்தவ என்று கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப் போனவளுக்கு அதையே லத்தீனில் கேட்டால் மட்டும் புதிதாக என்ன வலிக்கப் போகிறது? அவள் வாயில் வேறு ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதை உருக்கித் திரும்ப நிமிர்த்தட்டுமா?

"இந்த நோய்க்கு ஒரு கெட்ட புத்தி உண்டு" என்றார் டாக்டர். "விட்டுவிட்டு வரும். இங்க இருக்கும், பக்கத்துல இருக்காது. ஆனா இத்தனை வளையம் பார்த்தாச்சே. போதும்ல?"

பாதி தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்விதான். பாதிதான்.

"போதும் டாக்டர்" என்றாள் அவள்.

நோய் இல்லை என்று ரிப்போர்ட் மேலே போயிற்று.

இரண்டொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது வாசல் அறையில் விளக்கு எரிந்தது. நாத்தனார் மெஷினை மிதித்துக்கொண்டு, அதிசயமாக, இவள் கடந்து போகிறபோது பேசினாள்.

"இவளே, இங்க வா. அந்தக் கோட்டுக் கையைப் பிடி."

கோட்டுக் கையைப் பிடித்தாள். நாத்தனாரின் நெற்றிப்பொட்டில் பிளாஸ்திரி போய்த் தையல் மட்டும் இருந்தது. மயிரை வழித்த இடம் தேய்ந்த நாணயம் மாதிரி பளபளத்தது.

"இடிச்சுக்கிட்டதுன்னு சொன்னேன்ல, இடிக்கல. ஆபரேஷன். தலைவலின்னு போனா, ரத்தக்குழாய் வீங்கியிருக்கும், கண்ணு போயிரும்னு பயமுறுத்திட்டானுங்க. வெட்டிப் பார்த்தா ஒண்ணும் இல்லையாம்."

"யார் சொன்னா?"

"பேப்பர் வந்துருச்சே. எனக்குத் தெரியும், இவனுங்களுக்குக் கத்தி அரிக்கும், எதையாவது வெட்டணும். அதுக்குள்ள கண்ணைக் காப்பாத்தன்னு ஒரு மாத்திரை வேற. ராத்திரியெல்லாம் முழிப்பு, மூஞ்சி தலகாணி மாதிரி உப்புது, கை நடுங்கி ஊசி கோக்க முடியல. இன்னிக்கோட அதுக்குத் தலைமுழுக்கு."

"டாக்டரக் கேட்காம நிறுத்தாதீங்க அண்ணி. அந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்தக் கூடாது."

மெஷின் நின்றது. "எந்த மாத்திரை?"

"நீங்க சொன்னது."

"நான் பேரே சொல்லலையே. உனக்கு எப்படித் தெரியும்?"

இப்போது சொல்லியிருக்கலாம். கோட்டுக் கை அவள் கையில்தான் இருந்தது. ஓடவும் முடியாது.

"மேஜை மேல பார்த்தேன்" என்றாள்.

"என் மேஜையை எதுக்கு நீ பார்க்கிற?" என்றாள் நாத்தனார். கோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "போ. உன் வேலையைப் பாரு."

போனாள். தன் வேலையைப் பார்த்தாள். தினமும் அந்த மெழுகுக் கட்டி அடுக்கில் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது மட்டும் அவளுக்கு நினைவில் இருந்தது, பல்லில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி. ரேடியோ ஏதோ ஜோக் சொன்னார். எல்லாரும் சிரித்தபின் அவளும் சிரித்தாள். டாக்டர் அறையைத் தாண்டும்போது நடை மெதுவாகும், பிறகு பழைய வேகத்துக்கு வந்துவிடும். வீட்டிலோ மெஷின் சத்தம் முன்னைவிட அதிகம் கேட்டது. நாத்தனார் குஷியாக இருந்தாள். மெஷின் ஓடுகிற வரைக்கும் கண் இருக்கிறது என்று அர்த்தம். அவள் பின்கட்டில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தம் நிற்கிறபோதெல்லாம் காதைத் தீட்டினாள்.

ஒரு விடுமுறை நாள் காலை. வெயில் வாசல் அறைக்குள் பாதி வரைக்கும் வந்திருந்தது. அவள் வாசலைப் பெருக்கப் போகும்போது நாத்தனார் ஊசியைக் கண்ணுக்கு நேரே பிடித்து நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்குப் பக்கத்தில், வெறும் காற்றில், திரும்பத் திரும்ப நுழைந்தது.

"கரண்டு போயிருச்சா?" என்றாள் நாத்தனார்.

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, எந்தக் கண்ணு?"

"என்ன எந்தக் கண்ணு? இருட்டா இருக்கு. மேலேர்ந்து திரை மாதிரி..." நாத்தனார் வலது கண்ணைக் கையால் மூடினாள், எடுத்தாள், மறுபடி மூடினாள். கை அப்படியே நின்றது.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இரு, வந்துரும். ரெண்டு நாளா வருது, போவுது."

"இந்தத் தடவை வராம போனா? எழுந்திருங்க."

"நீ யாரு என்னை எழுப்பறதுக்கு? ஒண்ணும் இல்லன்னு பேப்பர் இருக்கு எங்கிட்ட."

"அந்தப் பேப்பர் தப்பு. அந்தத் துண்டை மெழுகுல வச்சது நான்தான்."

நாத்தனார் முகத்தைத் திருப்பினாள். தெரிகிற கண் எது, தெரியாத கண் எது என்று பார்ப்பவருக்குப் புரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் முறைத்தன.

"என்ன சொன்ன?"

"உங்க துண்டு என் கைக்குத்தான் வந்துச்சு. ஒரு வளையம் சாஞ்சு விழுந்துடுச்சு. அதுல ஒண்ணும் தெரியல. தெரியலங்கறதுக்கும் இல்லங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு அண்ணி. நான் அதை நிமிர்த்தல. டாக்டர் கேட்டப்ப போதும்னுட்டேன்."

"என் நெத்தியை அறுத்து எடுத்தது உன் கையிலயா கிடந்துச்சு?" நாத்தனாரின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கையில வச்சுக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி இந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னியா நீ?"

"நீங்களும் கதவுல இடிச்சுக்கிட்டேன்னுதானே சொன்னீங்க."

நாத்தனார் ஊசியைத் துணியில் குத்தி வைக்கப் பார்த்தாள். அது மேஜை விளிம்பில் மோதி எங்கேயோ விழுந்தது. பிறகு நாத்தனார் எழுந்து செருப்பைத் தேடினாள்.

ஆஸ்பத்திரியில் மேலே உடனே நாத்தனாரைப் படுக்கையில் போட்டு ஊசிமருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அவள் கீழே ஓடினாள். விடுமுறை நாளிலும் முறைவைத்து யாராவது இருப்பார்கள், அன்றைக்கு டாக்டரும் ரேடியோவும். டாக்டரிடம் நின்றபடியே சொன்னாள். சாய்ந்தது, பார்த்தது, மூடியது, போதும் என்றது, யாருடையது என்பது, எல்லாம். டாக்டர் ஸ்லைடுகளை இழுத்து மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"நான் கேட்டிருக்கணும். படுத்ததைக் கண்ணால பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். சட்டைக் கதை சொல்லிக்கிட்டு." ஸ்லைடுகளை ஓரமாக ஒதுக்கினார். "கட்டியை எடுத்துட்டு வாங்க. உருக்கிப் பார்ப்போம்."

அவள் இழுப்பறையிலிருந்து கட்டியை எடுத்தாள். தன் மேஜையைத் தாண்டி, நேரே ரேடியோவிடம் போய் வைத்தாள்.

"நீயே பண்ணேன், உனக்கில்லாத கையா?" என்றார் ரேடியோ.

"நான் தொடக்கூடாது. எங்க வீட்டு ஆளு."

"உனக்குத்தான் வீட்ல யாருமே..." ரேடியோ பாதியில் நிறுத்தினார். கட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இடுக்கியைச் சுடவைக்கத் திரும்பினார்.

மேலே படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அவள் உட்கார்ந்தாள். அத்தனை பக்கத்தில் அவர்கள் இருவரும் உட்கார்ந்ததில்லை, சாவு வீட்டில்கூட இடையில் யாராவது இருந்தார்கள். நாத்தனாரின் கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னத்தைத்தான் வெட்டுன நீ?" என்று கேட்டாள், ரொம்ப நேரம் கழித்து.

எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். "ரத்தக்குழாய் மூணு சட்டை போட்டிருக்கும் அண்ணி. ஒண்ணுக்கு மேல ஒண்ணு. விழுந்த வளையத்துல வெளிச்சட்டை மட்டும்தான் தெரிஞ்சுது. உள்ள ரெண்டும் தெரியல."

"கோட்டு மாதிரி. உள்ள லைனிங், நடுவுல விறைப்புத் துணி, மேல கோட்டுத் துணி."

"ஆமா. அந்த வெளிச்சட்டைக்கு வெளியிலேர்ந்து வந்ததுன்னு பேரு வச்சிருக்காங்களாம். குழாயோடது இல்ல, பக்கத்துலேர்ந்து வந்து ஒட்டிக்கிட்டதுன்னு. டாக்டர் சொன்னாங்க."

சும்மா சொன்னாள். ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், சொட்டு எண்ணாமல் இருப்பதற்காக.

நாத்தனார் கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தாள். தொழிலைத் தொட்டால் அவளுக்குப் பொறுக்காது.

"எந்தக் கிறுக்கன் வச்சான்? லைனிங்கைச் சொன்னாலாவது ஒரு நியாயம் இருக்கு. வெளித்துணியைப் போய் வெளியிலேர்ந்து வந்ததுன்னா? வெளித்துணிதானே கோட்டே."

"பிரிச்சா தனியா வருதாம். அதனால."

"பிரிச்சா எதுதான் வராது? தையலைப் பிரிச்சா எல்லாந்தான் வரும். துணின்னாலே கடையிலேர்ந்து வர்றதுதான். எந்தக் கோட்டாவது தன் லைனிங்கைத் தானே பெத்துப் போட்டிருக்கா? சேர்த்துத் தெச்சா கோட்டு. தைக்கலைன்னா துண்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "தைக்கத் தெரியாதவன் வச்ச பேரு."

நாத்தனார் அதற்கு மேல் போகவில்லை. என்ன பேசினோம் என்பது இருவருக்குமே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்தபின் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்தி ஒரு கண்ணால்.

மாலையில் ரேடியோ மாடி ஏறி வந்தார். கீழ்த்தளத்து ஆட்கள் மேலே வருவது வழக்கமில்லை. வாசலிலேயே நின்று அவளைக் கூப்பிட்டார்.

"நிமிர்ந்து நின்னுச்சு. முழு வட்டம்." மூச்சு வாங்கினார். "இருக்கு, மெழுகு. நடுச்சட்டை பூரா வீக்கம். உள்ள ஓட்டையே காணோம், ஊசி நுழையாது. டாக்டர் புது ரிப்போர்ட் எழுதறாங்க."

"மத்ததுல எதுலயும் இல்லாம, விழுந்ததுல மட்டும்."

"ஆமா, விழுந்ததுல மட்டும்." அவர் படி இறங்கிப் போனார்.

வலது கண் தப்பித்தது. இடது கண் வரவில்லை. கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, முந்தியே மருந்து தொடர்ந்திருந்தால் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், சொல்ல முடியாது என்றார். அவள் அந்த 'சொல்ல முடியாது' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. அது வேறு யாருக்காவது உதவும். மருந்து எதனால் நின்றது என்று அவளுக்குத் தெரியும்.

கீழ்த்தளத்தில் அவளுக்கு எச்சரிக்கைத் தாள் ஒன்று வந்தது, டாக்டருக்கும் ஒன்று. சாய்ந்த வளையம் எதுவானாலும் கேள்வி கேட்காமல் உருக்க வேண்டும் என்று டாக்டர் சுவரில் எழுதி ஒட்டினார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே நாத்தனார் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கண்ணுக்குத் தையல் கோடு எங்கேயோ தள்ளித் தெரிந்தது. தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். மாத்திரை வேளை வந்ததும் அவள் பின்கட்டிலிருந்து தண்ணீரும் மாத்திரையுமாக நடையில் வந்து பக்கத்தில் நின்றாள். நாத்தனார் கை அசைந்ததில் டம்ளர் தட்டி, தண்ணீர் கோட்டுத் துணிமேல் போயிற்று.

"வந்தா வந்தேன்னு சொல்ல மாட்டியா? பூதம் மாதிரி முளைக்கிற."

"முன்னாடியே நிக்கிறேன் அண்ணி."

"எங்க நிக்கிற? எனக்கு அந்தப் பக்கம் கிடையாது இப்ப." நாத்தனார் துணியை உதறினாள். "இந்தப் பக்கமா வராத. வலது பக்கமா வா."

அவள் பார்த்தாள். மெஷினுக்கு வலது பக்கம் சுவர். பின்கட்டிலிருந்து வருகிற யாரும் இடது பக்கமாகத்தான் வர முடியும். மெஷின் அப்படித்தான் கிடந்தது, அவள் இந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளுக்கு முன்னாலிருந்தே.

நாத்தனாரும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். எழுந்து துணியை ஒதுக்கினாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

"அந்த முனையைப் பிடி. திருப்பிப் போடணும்."

இரும்புக் கால் போட்ட பழைய மெஷின், நல்ல கனம். தூக்க முடியவில்லை, இழுக்கத்தான் முடிந்தது. ஒருத்தி இழுக்க ஒருத்தி தள்ள, தரையில் கோடு கிழித்துக்கொண்டு அது நடைப்பக்கமாகத் திரும்பியது.